21 வயசு ஆளை ரூம்ல பூட்டி வச்சு கல்யாணம் பண்ண முடியுமா? ஒரு அக்காவோட கேள்விக்கு வக்கீல் பதில்

கேள்வி: மேடம், எங்க ஊரு திண்டுக்கல் பக்கம். எனக்கு கல்யாணமாகி ரெண்டு குழந்தைங்க. என் தங்கச்சிக்கு 21 வயசு, மில்லுல வேலை பாத்துட்டு இருந்தா. சின்னதுல இருந்தே பையன் மாதிரிதான் இருப்பா, நாங்க யாரும் பெருசா எடுத்துக்கல. போன வருஷம்தான் நான் பொண்ணு இல்லக்கா, திருநம்பின்னு என்கிட்ட சொன்னா. ஆடி மாசம் வீட்டை விட்டு சென்னைக்கு பிரெண்ட்ஸ் கிட்ட போயிட்டா. அப்பா பொண்ணைக் காணோம்னு கம்ப்ளைன்ட் குடுத்து போலீஸ் போய் கூட்டிட்டு வந்துட்டாங்க. கூட தங்கியிருந்த ஒருத்தங்க தன்னை ஆணும் இல்ல பொண்ணும் இல்லன்னு சொல்றவங்க, அவங்களை ஸ்டேஷன்ல வச்சு கன்னத்துல அறைஞ்சிருக்காங்க. இப்போ தங்கச்சி மாடி ரூம்ல பூட்டுக்குள்ள இருக்கா. போனை புடுங்கிட்டாங்க. சித்தப்பா பெல்ட்டால அடிச்சதுல தோள்ல காயம். ஒரு டாக்டர் ஊசி போட்டா சரியாயிடும்னு சொல்லியிருக்காராம். தை மாசம் தாய்மாமா பையனுக்கு கட்டி வைக்கப் போறாங்க. போலீசுக்கு போனா அப்பா ஜெயிலுக்கு போயிடுவாரா? போகலைன்னா அவ ஏதாவது பண்ணிக்குவாளோன்னு ராத்திரி தூக்கம் வரல. பேர் போடாம பதில் சொல்லுங்க.

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டரை படிச்சதும் இதை வரிசையில போட்டு அடுத்த மாசம் பதில் சொல்ற விஷயம் இல்லன்னு தோணிச்சு, அதான் மத்ததை ஒதுக்கி வச்சுட்டு உடனே எழுதுறேன். இன்னொண்ணு, நீங்க தங்கச்சின்னு எழுதியிருக்கீங்க, உங்களுக்கு அது 21 வருஷ பழக்கம், தப்பு சொல்லல. ஆனா அவர் தன்னை திருநம்பின்னு சொல்லிட்டார், அதனால நான் தம்பின்னே எழுதுறேன்.

முதல்ல உங்க கடைசி வரி. ஏதாவது பண்ணிக்குவாரோன்னு எழுதியிருக்கீங்களே, அந்த பயத்தை ஓரமா வைக்காதீங்க. மாடிக்கு சாப்பாடு கொண்டு போறது உங்க அம்மாவா நீங்களான்னு எழுதல, யாரா இருந்தாலும் அந்த அஞ்சு நிமிஷத்துல நீங்க அவர்கிட்ட நேரா கேக்கணும், செத்துடலாம்னு தோணுதாடா அப்படின்னு. கேட்டா அந்த நெனப்பை நாமளே தூண்டி விட்ட மாதிரி ஆயிடும்னு நம்ம ஜனங்க பயப்படுவாங்க, அப்படி ஆகாது, கேட்ட ஆள் இருக்குன்னுதான் மனசு கொஞ்சம் நிக்கும். ஆமான்னு சொன்னா இந்த லெட்டர்ல மீதி எதையும் படிக்க வேண்டாம், 112க்கு போன் போட்டு ஆளை ஜி.எச்.க்கு கொண்டு போங்க. 14416னு டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் இருக்கு, 104 மருத்துவ உதவி நம்பர் இருக்கு, ரெண்டுலயும் ராத்திரியும் தமிழ்ல பேசுவாங்க, உங்களுக்கே தூக்கம் வரலன்னாலும் அதுல பேசலாம்.

இப்போ கேஸ். உங்க வீட்ல எல்லாரும் இதை ஆம்பளையா பொம்பளையான்ற சண்டையா பாக்குறீங்க. அந்த சண்டை முடியவே வேண்டாம், அது முடியாமலே உங்க தம்பி வெளிய வர முடியும், ஏன்னா அவருக்கு 21 வயசு. 18 முடிஞ்ச ஒருத்தர் எங்க இருக்கணும் யார் கூட இருக்கணும்னு அவரேதான் முடிவு பண்ணணும். அப்பாவுக்கு புரியணும், சித்தப்பா ஒத்துக்கணும், ஊர் ஏத்துக்கணும், அப்புறம் கதவை திறக்கலாம்னு காத்திருந்தீங்கன்னா தை வந்துடும்.

போலீஸ் கூட்டிட்டு வந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அங்க என்ன நடந்திருக்கும்னு எனக்கு தெரியும், நீங்க சொல்லலைன்னாலும். பெண் காணவில்லைன்னு எஃப்.ஐ.ஆர். போட்டு, செல்போன் டவரை வச்சு ஆளை புடிச்சு, ராத்திரியோட ராத்திரியா வண்டியில ஏத்தி, ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்கார வச்சு, அப்பா ஒரு பக்கம் அழ அம்மா ஒரு பக்கம் அழ, எஸ்.ஐ. ஒரு வெள்ளைப் பேப்பரை நீட்டி "பெத்தவங்க கூட போறேன்னு எழுதிக் குடும்மா, எல்லாம் சரியாயிடும்"னு சொல்லியிருப்பார். எழுதிக் குடுக்காத வரைக்கும் யாரையும் எழுந்திரிக்க விட மாட்டாங்க. அந்த பேப்பரை வச்சுதான் இப்போ கேட்டா சொந்த விருப்பத்துல போன பொண்ணுன்னு சொல்லுவாங்க.

இப்படி பண்ணக்கூடாதுன்னு நம்ம ஹைகோர்ட் 2021 ஜூன் 7ஆம் தேதியே சொல்லியாச்சு. மதுரையில இருந்து சென்னைக்கு போன ரெண்டு பொண்ணுங்க, பெத்தவங்க ரெண்டு பக்கமும் காணோம்னு கம்ப்ளைன்ட், போலீஸ் தொந்தரவு தாங்காம கோர்ட்டுக்கு வந்தாங்க, சுஷ்மா வழக்குன்னு சொல்லுவோம். காணாம போனவர் பால்புதுமையினரா (ஒரே பாலை விரும்புறவங்க, திருநர் மாதிரி எல்லாருக்கும் பொதுவான பேர்) இருந்து, மேஜர், அதாவது 18 முடிஞ்சவர்னும் தெரிஞ்சா வாக்குமூலத்தை வாங்கிட்டு, எந்த தொந்தரவும் குடுக்காம, கம்ப்ளைன்டை க்ளோஸ் பண்ணணும்னு அதுல உத்தரவு இருக்கு. அந்த தீர்ப்பு குடுத்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எனக்கே இது முழுசா புரியலன்னு வெளிப்படையா சொல்லி, ஒரு சைக்காலஜிஸ்ட் கிட்ட போய் உக்காந்து கேட்டுட்டு வந்து அதுக்கப்புறம்தான் தீர்ப்பு எழுதினார். உங்க அப்பாவுக்கு புரியலன்றதுல எனக்கு கோபமே இல்லம்மா, புரியாத ஆள் பெல்ட்டை கழட்ட விட்டதுலதான் கோபம்.

அந்த கேஸ்ல இருந்துதான் 2022ல தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியில 24-சின்னு ஒண்ணு புதுசா சேர்த்தாங்க, திருநர், பால்புதுமையினர் யாரையும் போலீஸ்காரங்க துன்புறுத்தக் கூடாதுன்னு. கன்னத்துல அறை வாங்கின அந்த பிரெண்டுக்கு இதை சொல்லுங்க. எந்த தேதி, எந்த ஸ்டேஷன், யார் அறைஞ்சது, பக்கத்துல யார் இருந்தா, மறக்கறதுக்குள்ள எழுதி வைக்க சொல்லுங்க. கமிஷனருக்கு ஒரு காப்பி, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு காப்பி, ரெண்டும் பதிவு தபால்ல போகட்டும். நான் திருநங்கையும் இல்ல திருநம்பியும் இல்லையே எனக்கு சட்டத்துல இடம் இருக்கான்னு அவங்க தயங்கலாம். 2019ல திருநர் சட்டம் வந்தப்போ அதோட விளக்கத்துல ஜெண்டர்குயர்னு இவங்களையும் பேர் சொல்லியே சேர்த்திருந்தாங்க, ஆபரேஷன் பண்ணியிருக்கணும்னு அவசியமும் இல்லாம இருந்துச்சு, இப்போ அதுல என்ன இருக்குன்னு வக்கீலை பாத்துக்க சொல்லுங்க. இவங்கதான் கெடுத்ததுன்னு சித்தப்பா சொல்வாருன்னு எனக்கு தெரியும், இந்த மாதிரி கேஸ்ல எல்லா சித்தப்பாவும் ஒரு பிரெண்டைத்தான் கை காட்டுவாங்க.

சரி, உங்க தம்பியை வெளிய கொண்டு வர்றதுக்கு வழி ஆட்கொணர்வு மனு, ஹேபியஸ் கார்பஸ்னு சொல்லுவாங்க. உங்க மாவட்டத்துக்கு மதுரைக் கிளைதான். அரசியல் சட்டம் 226ல போடுறது, நீங்களே போடலாம், அந்த சென்னை பிரெண்டும் போடலாம். ரத்த சொந்தம்தான் போடணும்னு இல்ல. கோர்ட் போலீசுக்கு உத்தரவு போடும், போலீஸ் உங்க வீட்டுக்கு வந்து ஆளை கோர்ட்ல ஆஜர்படுத்தணும், நீதிபதிங்க அவரை கூப்பிட்டு நீ எங்க போகணும்னு கேப்பாங்க, அவர் சொல்ற இடத்துக்கு அனுப்பி விடுவாங்க.

இதுல ஒரு குழி உண்டு. பெத்தவங்க முன்னாடியே கேட்டாங்கன்னா, அம்மா முகத்தை பாத்துட்டு அந்த புள்ள வீட்டுக்கே போறேன்னு சொல்லிடும், இல்ல கோர்ட்டே கவுன்சிலிங் போயிட்டு வாங்கன்னு அனுப்பிடும். முன்னாடி நிறைய இப்படி நடந்திருக்கு. கேரளாவுல இருந்து வந்த தேவு வழக்குல 2024 மார்ச் 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இதுக்கு வழிமுறை போட்டுச்சு, இந்த மாதிரி மனுவை சீக்கிரம் எடுக்கணும், ஆளை தனியா சேம்பர்ல, அதாவது நீதிபதியோட அறையில வச்சு பேசணும், பெத்தவங்க நெருக்கடி இல்லாம பாத்துக்கணும், கவுன்சிலிங்ன்ற பேர்ல மனசை மாத்த பாக்கக்கூடாது, மனு போட்டவருக்கும் இவருக்கும் என்ன உறவுன்னு ஆராயக்கூடாதுன்னு. உங்க வக்கீல் மனுவுலயே இதை எழுதி, முதல் நாளே சேம்பர்ல விசாரிக்கணும்னு கேக்கணும். கேக்காம விட்டா யாரும் தானா செய்வாங்கன்னு இருக்காதீங்க.

நம்ம ஹைகோர்ட்லயே 2025 மே மாசம் ஒரு கேஸ். 25 வயசு பொண்ணு, அவங்க காதலிச்சதும் ஒரு பொண்ணைத்தான், போலீஸ் கட்டாயப்படுத்தி பெத்தவங்க கூட அனுப்பி வச்சாங்க, வீட்ல அடிச்சு அடைச்சு வச்சிருந்தாங்க. பார்ட்னர் மனு போட்டாங்க. நீதிபதிகள் சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் பெஞ்ச் அந்த பொண்ணு கிட்ட நேரா பேசிட்டு அவங்க விருப்பம் போல போகலாம்னு விட்டாங்க, வீட்டு ஆளுங்க தலையிடக்கூடாதுன்னும் சொன்னாங்க, போலீஸ் நடந்துகிட்ட விதத்தையும் கண்டிச்சாங்க. குடும்பம்ன்றது கல்யாணத்தால மட்டும் வர்றது இல்ல, தேர்ந்தெடுத்துக்கிட்ட குடும்பமும் குடும்பம்தான்ற கருத்தும் அந்த தீர்ப்புல இருக்கு. உங்க தம்பி கேஸ் கிட்டத்தட்ட இதேதான், அதனால புதுசா எதையும் நிரூபிக்க வேண்டிய வேலை இல்ல.

அப்பா ஜெயிலுக்கு போவாரான்னு கேட்டீங்க. ஆட்கொணர்வு மனு கிரிமினல் கேஸ் இல்லம்மா. அது யாரையும் உள்ள தள்ள போடுறது இல்ல, ஒருத்தரை வெளிய விட சொல்லி போடுறது. அப்பா கோர்ட்டுக்கு வரணும், நாலு கேள்விக்கு பதில் சொல்லணும், திட்டு வாங்கலாம், வீட்டுக்கு திரும்பிடுவார்.

அடிச்சது, பூட்டினது வேற கணக்கு. ஒருத்தரை 10 நாளுக்கு மேல அடைச்சு வச்சா பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனை சட்டத்துக்கு பதிலா வந்தது) 127ல 5 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. 2019 திருநர் சட்டம் வந்தப்போ அதோட பிரிவு 18ல திருநரை அடிச்சாலோ, உசுருக்கு ஆபத்து பண்ணினாலோ, மனசு நோக பேசினாலோ கூட 6 மாசத்துல இருந்து 2 வருஷம்னு இருந்துச்சு. இந்த ரெண்டு வருஷத்தை பாத்தா எனக்கு எப்பவும் எரிச்சல்தான் வரும், ஒரு பொண்ணை பலாத்காரம் பண்ணினா குறைஞ்சது 10 வருஷம்னு எழுதின அதே நாடு, திருநங்கையை பலாத்காரம் பண்ணினாலும் அதிகபட்சமே 2 வருஷம்னு 2019ல இந்த சட்டத்துல எழுதிச்சு. (நீங்க மனு போடுற நேரத்துக்கு இந்த சட்டத்துல என்ன திருத்தம் வந்திருக்குன்னு வக்கீலை பாத்துக்க சொல்லுங்க.) அந்த கிரிமினல் கேஸ் போடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது உங்க தம்பி, நீங்களோ நானோ இல்ல. அடி வாங்கினது அவர். அவர் வெளிய வந்து, நிம்மதியா தூங்கி எழுந்து சொல்லட்டும். ஆனா காயம் அதுவரைக்கும் இருக்காது, ஆறிடும். அதனால போட்டோ இப்பவே எடுங்க, தோளை மட்டும் எடுக்காம முகமும் தெரியற மாதிரி ஒண்ணு எடுங்க. வெளிய வந்த அன்னைக்கே ஜி.எச். போய் எப்படி அடிபட்டுச்சுன்னு உள்ளதை சொல்லணும். மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்லிட்டா ஏ.ஆர். காப்பியில (அடிபட்டு வர்றவங்க பத்தி ஆஸ்பத்திரியில எழுதுற பதிவு) அதுதான் ஏறும், அப்புறம் எந்த கொம்பன் வக்கீல் வந்தாலும் அதை அழிக்க முடியாது.

அப்பா மேல உங்களுக்கு பாசம் இருக்குன்னு லெட்டர்லயே தெரியுது, அதனால இதையும் சொல்லிடுறேன். சென்னையில 2006ல ஒரு திருநங்கையை திருட்டு கேஸ் விசாரணைன்னு ஸ்டேஷனுக்கு வரவழைச்சு சித்ரவதை பண்ணினதுல அவங்க தீக்குளிச்சு செத்துப் போனாங்க. கோர்ட்டுக்கு போனது அவங்க கூடப்பிறந்த சகோதரிதான், உங்களை மாதிரி. 2007ல ஹைகோர்ட் 5 லட்சம் நஷ்டஈடு குடுக்க சொல்லிச்சு. ஜெயிச்ச கேஸ்தான், நாங்க இப்பவும் மேற்கோள் காட்டுறோம். அந்த சகோதரிக்கு அதுல என்ன ஜெயிப்பு? நீங்க உயிரோட இருக்கிற ஆளுக்காக கோர்ட்டுக்கு போக முடியும், அந்த வாய்ப்பு உங்களுக்கு இருக்கு.

ஊசி போடுற டாக்டர் பத்தி. அந்த ஆள் என்ன படிச்சிருக்காரோ தெரியாது, ஆனா திருநம்பியா இருக்கிறது வியாதி இல்ல, உலக சுகாதார நிறுவனமே 2019ல இதை மனநோய் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. மாத்தி குடுக்கிறேன்னு வைத்தியம் பண்றது தொழில் ஒழுக்கக்கேடுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022ல எல்லா மாநில கவுன்சிலுக்கும் எழுதிட்டாங்க. அவர் பேர், கிளினிக் பேர், ப்ரிஸ்கிரிப்ஷன் இருந்தா அதோட போட்டோ, எல்லாம் எடுத்து வைங்க. என்ன ஊசின்னு பாட்டில்ல பேர் பாத்து குறிச்சுக்கோங்க, வெளிய வந்ததும் நல்ல டாக்டர் கிட்ட காட்டணும். கயிறு கட்டுறது, சாமியாடி கிட்ட கூட்டிட்டு போறதுக்கும் இதே பதில்தான், அதுல ஊசி கிடையாது, அவ்ளோதான் வித்தியாசம்.

கல்யாணம். சம்மதம் இல்லாம கட்டின தாலியை கோர்ட்ல போய் ரத்து பண்ணலாம், இந்து திருமண சட்டத்துல அதுக்கு வழி இருக்கு, ஆனா அது ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அதுக்கு நடுவுல அந்த வீட்ல ராத்திரி என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியது இல்ல. அதனால கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு ஒரு வழியே கிடையாது. தாய்மாமா பையன் கிட்ட யாராவது பேசினாங்களா? அவனுக்கு எல்லாம் தெரியுமா? எனக்கு தெரிஞ்சு இந்த மாதிரி கல்யாணம் பல தடவை நின்னது கோர்ட்டால இல்ல, மாப்பிள்ளை பையன் எனக்கு வேண்டாம்னு சொன்னதால. அத்தை வீட்டுக்கு பேரனும் வேணும் நிலமும் வேணும், ஆனா அந்த பையனுக்கு ஒரு வாழ்க்கை இருக்குல்ல. அவன் கொஞ்சம் யோசிக்கிற ஆளா இருந்தா உங்க வீட்டுக்காரரை விட்டு பேச சொல்லுங்க. வாயாடி பையன்னா வேண்டாம், விஷயம் வெளிய போயி தம்பியை வேற ஊருக்கு மாத்திடுவாங்க.

நேரம்தான் இங்க பிரச்சனை. தைன்னா கையில ரெண்டு மாசம்னு நினைப்பீங்க. டிசம்பர் கடைசியில ஹைகோர்ட்டுக்கு கிறிஸ்துமஸ் லீவு, திரும்ப திறந்ததும் பொங்கல் லீவு. அவசரத்துக்கு லீவு கோர்ட் இருக்கு, இருந்தாலும் அதை நம்பி இருக்காதீங்க, கார்த்திகை முடியறதுக்குள்ள மனு உள்ள போயிடணும். மனுவுக்கு முன்னாடி எஸ்.பி. ஆபீசுக்கு ஒரு புகார் பதிவு தபால்லயும் ஈமெயில்லயும் போகணும், அது இல்லைன்னா கோர்ட்ல முதல்ல போலீசுக்கு போனீங்களான்னு கேப்பாங்க. நேர்ல ஸ்டேஷனுக்கு போனா சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வாங்கினதுக்கு குடுக்கிற ரசீது, வாங்காம எழுந்து வராதீங்க. உங்க ஊர் ஸ்டேஷனுக்கே போக வேண்டாம்னுதான் சொல்லுவேன், பெஞ்சுல உக்கார வச்சு எழுதி வாங்கினது அவங்கதானே.

காசுக்கு பயப்படாதீங்க. 15100க்கு போன் போட்டா சட்டப் பணிகள் ஆணைக்குழு, இலவசமா வக்கீல் வைப்பாங்க, மதுரைக் கிளையிலயே தனியா ஒரு கமிட்டி இருக்கு. வெளிய வந்து தங்கறதுக்கு இடம் முன்னாடியே பேசி வைக்கணும், கோர்ட்ல நீதிபதி எங்க போறேன்னு கேக்கும்போது அவர் ஒரு அட்ரஸ் சொல்லணும். திருநங்கைகளுக்கு ஜமாத்துன்னு ஒண்ணு இருக்கு, வீட்டை விட்டு வந்தா ஒரு அம்மா மடி கிடைக்கும், அதுலயும் பிரச்சனை உண்டு, இருந்தாலும் கிடைக்கும். திருநம்பிகளுக்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது, பொண்ணா வளர்த்ததால வீட்ல காவலும் டபுள். அதனால சென்னை பிரெண்ட்ஸை விட்டுடாதீங்க. சென்னையில ஓரினம், சகோதரன் மாதிரி அமைப்புங்க இருக்கு, இந்த மாதிரி கேஸ்ல யார் கிட்ட போகணும்னு அவங்களுக்கு தெரியும்.

நீங்க வீட்ல இருந்து என்ன பண்ணலாம்னா, பெட்டி தூக்குற வேலை வேண்டாம், பேப்பர் வேலை போதும். ஆதார், மார்க் ஷீட், டி.சி., சம்பள பாஸ்புக் எல்லாத்தையும் போட்டோ எடுத்து பிரெண்ட் ஒருத்தருக்கு அனுப்பிட்டு உங்க போன்ல இருந்து அழிச்சிடுங்க. சம்பள ஏ.டி.எம். கார்டு அப்பா கிட்ட இருந்தா மில்லுல சொல்லி வேற அக்கவுண்டுக்கு மாத்துறதெல்லாம் அப்புறம். உங்க மாமியார் வீட்ல யாருக்கு சொல்லலாம் யாருக்கு கூடாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், குறைஞ்சது ஒருத்தருக்காவது சொல்லுங்க, தனியா இதை தூக்காதீங்க. முடிஞ்சா தம்பி கையால ஒரு துண்டு பேப்பர் வாங்கிடுங்க. "என் விருப்பம் இல்லாம அடைச்சு வச்சிருக்காங்க, எனக்கு இந்த கல்யாணம் வேண்டாம்"னு ரெண்டு வரி, தேதி, கையெழுத்து. ஸ்டேஷன்ல வாங்கின அந்த வெள்ளைப் பேப்பருக்கு கோர்ட்ல பதில் அதுதான்.

அம்மாவைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை கூட எழுதலையே. அவங்க கிட்ட சாவி இருக்கான்னு பாருங்க. எத்தனையோ வீட்ல ஆம்பளைங்க பூட்டின கதவை கடைசில அம்மாதான் திறந்து விட்டிருக்காங்க, ஆனா கேட்டுட்டு அவங்க அப்பா கிட்ட சொல்லிடுவாங்கன்னு ஒரு சந்தேகம் இருந்தாலும் கேக்காதீங்க.

மதுரைக்கு வக்கீலை பாக்க வரும்போது எஸ்.பி.க்கு அனுப்பின தபால் ரசீது, அந்த துண்டு பேப்பர், காயம் போட்டோ, கல்யாண பத்திரிகை அடிச்சிருந்தா அதுல ஒண்ணு கொண்டு வாங்க. ஆதார் கிடைக்கலைன்னா டி.சி. ஜெராக்ஸ் போதும், பிறந்த தேதி தெரியணும், அவ்ளோதான்.